மூணு பேரும் ஒண்ணா சைக்கிள்ல: ட்ரெய்லரா, சீட்டா, இழுக்குற ராடா?

மியூனிக் செண்ட்லிங்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பொண்ணுக்கு நாலு வயசு, 17 கிலோ, 16 இன்ச் சைக்கிள்ல இப்பதான் பெடல் பண்ண பழகியிருக்கா. பையனுக்கு ஒன்றரை வயசு, 11 கிலோ. ஈசார் ஆத்தங்கரையோரமா ஹெல்லாப்ரூன் ஜூ வரைக்கும் மூணு பேரும் ஒண்ணா போகணும், ட்ரெய்லர் வாங்குறதா, பின்னாடி சீட் மாட்டுறதா, இல்ல பொண்ணு சைக்கிளையே நம்ம சைக்கிளோட கோத்து இழுத்துட்டு போறாங்களே அதை வாங்குறதா, கடைக்கு ஒரு பதில் சொல்றாங்கன்னு எழுதியிருக்காங்க.

கடைக்காரங்க யாரும் கேக்காத ஒரு கேள்வியை நான் கேக்கறேன். போகும்போது விடுங்க, திரும்பி வரும்போது என்ன நடக்கும்? ஜூவுக்கு போறப்ப பொண்ணு நான்தான் ஓட்டுவேன்னு பறப்பா. சாயங்காலம் ஐஸ்க்ரீம்லாம் முடிஞ்சு திரும்பறப்ப பாதி வழியில காலை கீழ வச்சுட்டு "அம்மா கால் வலிக்குது"ன்னு நின்னுடுவா, பின்னாடி சின்னவன் தூங்கி தலை தொங்கிட்டு இருப்பான், அப்ப உங்க கையில ரெண்டு சைக்கிள் ரெண்டு குழந்தை. எதை வாங்குனாலும் இந்த சீனை மனசுல ஓட்டிப் பாத்துட்டு வாங்குங்க.

முன்னாடி மாட்டுற சீட் உங்களுக்கு வேண்டாம். பெரும்பாலும் 15 கிலோவோட லிமிட் முடிஞ்சிடும், குளிர்காத்து நேரா மூஞ்சில அடிக்கும், அடுத்த வருஷமே கழட்டி விக்கணும்.

பின்சீட் சின்னவனுக்கு நல்லா செட் ஆகும். பொதுவா 9 கிலோல இருந்து 22 கிலோ வரைக்கும் தாங்கும், ஈஎன் 14344 (குழந்தை சீட்டுக்கான ஐரோப்பிய பாதுகாப்பு தரம்) முத்திரை இருக்கான்னு பாத்து வாங்குங்க. கேரியர் மேல உக்கார்ற மாடல்னா உங்க கேரியர்ல எத்தனை கிலோன்னு பொறிச்சிருக்கும், அதை கண்டிப்பா படிங்க, சிலதுல 25 கிலோதான், அதுல சீட்டோட வெயிட்டும் சேர்த்தி. உங்க சேடலுக்கு அடியில ஸ்ப்ரிங் இருந்தா அதுக்கு கவர் போடணும், பின்னாடி உக்கார்ற குழந்தையோட விரல் நேரா அங்கதான் போகும்.

இன்னொண்ணு, ஸ்டாண்ட். இது நானே அனுபவிச்சது. என் பையன் சின்னவனா இருக்கும்போது சைக்கிளை ஒத்தக்கால் ஸ்டாண்ட்ல நிறுத்தி அவனை சீட்ல வச்சு பெல்ட்டும் போட்டுட்டு, கிளவுஸ் எடுக்க ரெண்டே ரெண்டு செகண்ட் திரும்பினேன், சைக்கிள் அப்படியே சாஞ்சிடுச்சு. ஹெல்மெட் போட்டிருந்ததால ஒண்ணும் ஆகல, எனக்குத்தான் ஒரு வாரம் தூக்கம் போச்சு. ரெட்டைக்கால் ஸ்டாண்ட் மாட்டுங்க, அப்பவும் குழந்தை சீட்ல இருக்குறப்ப கையை சைக்கிள்ல இருந்து எடுக்காதீங்க. ஏத்துறப்ப குழந்தை கடைசி, இறக்குறப்ப குழந்தை முதல்.

இப்ப பொண்ணு. அவ சைக்கிளை இழுக்க ரெண்டு வகை இருக்கு. ட்ரெயில்கேட்டர் மாதிரி ராடு உங்க சீட்போஸ்ட்ல, அதாவது சீட்டை தாங்குற கம்பியில மாட்டும், விலை கம்மி, ஆனா பிடி மேல இருக்குறதால பின்னாடி சைக்கிள் ஒரு பக்கமா சாயும், அவ ஆடுனா உங்களுக்கும் ஆடும். அதோட பின்சீட்டும் ராடும் ஒரே இடத்துக்கு சண்டை போடும், ரெண்டையும் ஒண்ணா போட முடியாதுன்னே வச்சுக்கோங்க. ஃபாலோமீ டேண்டம் வேற மாதிரி, உங்க பின்சக்கர ஆக்ஸில்ல (சக்கரத்தோட நடு அச்சு) மாட்டி குழந்தை சைக்கிளோட முன்சக்கரத்தை தரையில படாம தூக்கி பிடிச்சுக்கும். பிடி கீழ இருக்குறதால ஆட்டம் ரொம்ப கம்மி, 12 இன்ச்ல இருந்து 20 இன்ச் சைக்கிள் வரைக்கும் மாட்டலாம், முக்கியமா மேல பின்சீட்ல சின்னவனையும் உக்கார வைக்கலாம். பார்க் வந்தா கழட்டி விடுங்க, அவளே ஓட்டட்டும், டயர்டானா திரும்ப கோத்துக்கலாம். மேல சொன்ன ஐஸ்க்ரீம் சீனுக்கு பதில் இதுதான். விலை அதிகம்தான், பழசு தேடுங்க, கிடைக்கும்.

வாங்குறதுக்கு முன்னாடி உங்க பின்சக்கர ஆக்ஸில் என்ன வகைன்னு பாத்துடுங்க. குயிக் ரிலீஸா (லீவரை திருப்பி கழட்டுறது), நட்டா, த்ரூ ஆக்ஸிலா (ஃப்ரேமுக்குள்ள திருகுற தடி அச்சு)ன்னு பொறுத்து அடாப்டர் மாறும், பின்சக்கரத்துல மோட்டார் இருக்குற இ-பைக்னா கடைக்கு சைக்கிளையே உருட்டிட்டு போயிடுங்க. கார்பன் ஃப்ரேம்னா சைக்கிள் கம்பெனி சரின்னு சொல்லாம எதையும் மாட்டாதீங்க.

அப்ப ட்ரெய்லர் வேஸ்ட்டான்னா இல்ல. மழை, நவம்பர் குளிர், தினமும் கிட்டாவுல (குழந்தைகள் காப்பகம்) விடணும், வர்ற வழியில காய்கறி, இதெல்லாம் இருந்தா ரெட்டை சீட் ட்ரெய்லரை அடிச்சுக்க ஆள் இல்ல. சைக்கிள் சாஞ்சாலும் பெரும்பாலான ட்ரெய்லர் நிமிர்ந்தே நிக்கும், சைக்கிளோட கோக்குற கொக்கி அப்படி சுழலும். ஜெர்மனி ரூல்படி ரெண்டு குழந்தை, ஏழாவது பிறந்தநாள் வரைக்கும், ஓட்டுறவங்களுக்கு 16 வயசாவது ஆகியிருக்கணும். ஆனா கணக்கு போடுங்க: குழந்தைங்க 28 கிலோ, ட்ரெய்லர் ஒரு 15 கிலோ, மொத்தம் 43 கிலோ உங்க பின்னாடி தள்ளும், இறக்கத்துல பிரேக் பிடிச்சா புரியும். அகலமும் முக்கால் மீட்டருக்கு மேல வரும், உங்க கெல்லர் (கீழ்த்தள ஸ்டோர்) படிக்கட்டுல அதை தினமும் யார் தூக்குறது? பொண்ணும் இப்ப ஓட்ட பழகிட்டா, உள்ள உக்காருன்னா முதல் நாளே தம்பியை கிள்ளுவா.

அதனால உங்க வீட்டுக்கு என் ஓட்டு, பின்சீட்ல தம்பி, ஃபாலோமீல அக்கா. குளிர்காலத்துக்கு வேணும்னா ஒரு பழைய ட்ரெய்லர் அப்புறம் பாத்துக்கலாம், பெல்ட் நைஞ்சிருக்கா, கொக்கி வளைஞ்சிருக்கான்னு மட்டும் கையால தொட்டுப் பாத்து வாங்குங்க.

மாட்டுன உடனே ரோட்டுக்கு போயிடாதீங்க. ஞாயித்துக்கிழமை சூப்பர்மார்க்கெட் பார்க்கிங் காலியாதான் கிடக்கும், முதல்ல பொண்ணை மட்டும் கோத்துக்கிட்டு நாலு ரவுண்டு, பெரிய வளைவா திரும்புறது, பிரேக் அடிக்கிறது, அது கைவந்தப்புறம் சின்னவனை ஏத்துங்க.