கூட்டில் ஈரம், கூடையில் ஆப்பிள்

இங்கிலாந்தில் அக்டோபர் பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்கள் இரண்டே வகை. கோழி முட்டையிடவில்லை என்பது ஒன்று. மரத்தடியில் கொட்டிக் கிடக்கும் ஆப்பிளை என்ன செய்வது என்பது மற்றொன்று. கொல்லையில் நான்கு கோழியும் முன்பு குடியிருந்தவர் நட்டுவிட்டுப் போன ஒரு பழைய ஆப்பிள் மரமும் இருக்கும் வீடுகளிலிருந்து இரண்டும் ஒரே கடிதத்தில் வந்து சேரும். இம்முறை வந்தவற்றில் பலருக்கும் உதவக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று கோழிகளும் ஒரு மாதமாக முட்டையிடவில்லை. கழுத்து மொட்டையாகிவிட்டது. கூடு முழுக்க இறகு. ஏதாவது நோயா அக்கா? (குரோய்டன் வாசகி)

நோயில்லை, இறகு உதிர்க்கும் பருவம். ஒரு வயது தாண்டிய கோழி பகல் குறையத் தொடங்கியதும் பழைய இறகைக் களைந்து புதிது போட்டுக்கொள்ளும். தலையிலும் கழுத்திலும் தொடங்கி, மார்பு, முதுகு என்று இறங்கி, சிறகிலும் வாலிலும் முடியும். இரண்டு மூன்று மாதம் ஆகலாம். இறகு பெரும்பாலும் புரதம். முட்டைக்கும் புரதம் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய உடம்பில் சத்து இல்லாததால் முட்டையை நிறுத்திவிடுகிறது.

ஒரு கோழியைப் பிடித்து, கழுத்து இறகை விலக்கிப் பாருங்கள். தோலைத் துளைத்துக்கொண்டு நீலம் பாரித்த சிறு குழாய்கள் நிற்கும். அவைதான் குருத்திறகு. அவற்றுக்குள் இரத்தம் ஓடுகிறது, அழுத்தினால் வலிக்கும். ஆகவே பார்த்ததும் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சுவதையும் இந்த நாட்களில் தவிர்க்கலாம். குருத்தே இல்லாமல் தோல் சிவந்து, குறிப்பாக எச்சம் போகும் துவாரத்தைச் சுற்றி மட்டும் இறகு போயிருந்தால், அது பேனோ செள்ளோ செய்த வேலை. அதற்கு வைத்தியம் வேறு.

முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் வழக்கமாக 16 சதவீதம் இருக்கும். இறகு முளைத்து முடியும்வரை 18 சதவீதத்துக்குக் குறையாத தீவனம் நல்லது. சோளத்தை அள்ளிப் போட்டுக் கோழியைத் திருப்திப்படுத்துவது நம்மவர்களிடம் உள்ள பழக்கம். சோளத்தால் சூடு கிடைக்கும், இறகு கிடைக்காது. மாலையில் ஆளுக்கு ஒரு பிடிக்கும் குறைவாக இருந்தால் போதும்.

கூட்டில் விளக்குப் போட்டால் முட்டையிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இடும். நன்றாக முட்டையிட நாளுக்குச் சுமார் 14 மணி நேர வெளிச்சம் வேண்டும். டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. ஆனால் நான் போடுவதில்லை. வியாபாரம் செய்யாத வீட்டில் கோழிக்கு இரண்டு மாத ஓய்வு கொடுப்பதால் குடி முழுகிவிடாது. போட்டே தீருவேன் என்றால் விடிவதற்கு முன்பு எரியும்படி டைமரை வையுங்கள். மாலையில் எரிந்து திடீரென்று அணைந்தால், கட்டையில் ஏறாத கோழி இருட்டில் தரையிலேயே நின்றுவிடும்.

குளிர் தாங்காது என்று கூட்டின் இடுக்குகளையெல்லாம் பஞ்சும் டேப்பும் வைத்து அடைத்துவிட்டோம். காலையில் கதவைத் திறந்தால் கண் எரிகிறது. உள்ளே ஹீட்டர் வைக்கலாமா? (லெஸ்டர் வாசகர்)

முதலில் டேப்பைக் கிழித்துவிடுங்கள். ஹீட்டரைப் பற்றிப் பிறகு பேசலாம்.

கோழியின் உடல்சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ். இறகை உப்பிக்கொண்டு, அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்தால் இங்கிலாந்தின் சாதாரண உறைபனி இரவை அது எளிதாகக் கடந்துவிடும். கடக்க முடியாதது ஈரம். நான்கு கோழிகள் இரவெல்லாம் மூச்சுவிடுகின்றன, எச்சமிடுகின்றன. இரண்டிலும் நீர் இருக்கிறது. போக வழியில்லாத அந்த நீராவி கூரையின் உட்புறத்தில் படிந்து சொட்டுகிறது. நனைந்த எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்புகிறது. உங்கள் கண்ணை எரித்தது அதுதான். கதவைத் திறந்த ஒரு நொடியில் உங்களுக்கு எரிந்தால், இரவு முழுக்க அதைச் சுவாசித்த கோழியின் நுரையீரல் என்ன ஆகும்? மார்கழியில் மூக்கொழுகி, கரகரவென்று மூச்சிழுக்கும் கோழிகளில் பாதி, குளிர் தாங்காது என்று யாரோ பாசத்தோடு மூடிவைத்த கூட்டிலிருந்து வருபவைதான்.

காற்றுத் துளை கூட்டின் உச்சியில், கோழி உட்கார்ந்திருக்கும்போது அதன் தலைக்கு மேலே, எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்க வேண்டும். சூடான ஈரக் காற்று மேலே ஏறி வெளியேறும். கோழியின் மேல் நேரே வீசாது. துளைக்கு உறுதியான கம்பி வலை அடித்துவிடுங்கள். கீழே, கோழியின் உடல் மட்டத்தில் இருக்கும் இடுக்குகளை மட்டும் அடையுங்கள். சரியாக இருக்கிறதா என்று அறிய, விடிந்ததும் தலையை உள்ளே விட்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். மரவாசனை வந்தால் சரி. கூரையைக் கையால் தடவினால் விரல் நனையக் கூடாது.

உட்காரும் கட்டையையும் கவனியுங்கள். உருண்டைக் கம்பு அழகாக இருக்கும், ஆனால் பனிக்காலத்துக்கு உதவாது. நான்கைந்து சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டைக் கட்டையின் விளிம்புகளை மட்டும் இழைத்துவிட்டால், கோழி பாதத்தைத் தட்டையாக வைத்து, மார்பு இறகால் விரல்களை மூடிக்கொள்ளும். கீழே மரச்சீவல் தடிமனாக இருக்கட்டும். வைக்கோல் ஈரமானால் பூசணம் பிடிக்கும், அந்தப் பூசணம் நுரையீரலுக்குள் போகும். மரத்தூள் வேண்டாம், தூசி அதிகம்.

கடைசியாக ஹீட்டர். வேண்டவே வேண்டாம். காய்ந்த சீவல், இறகு, தூசி, அவற்றுக்கு நடுவே சூட்டு விளக்கு என்றால் தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? தவிர, சூட்டில் பழகிய கோழிதான் மின்சாரம் போன இரவில் நிஜமாகவே அவதிப்படும். பெரிய கொண்டையுள்ள லெகார்ன் வகைக்கு, கடும் உறைபனி அறிவித்த இரவுகளில் கொண்டையில் மெல்லிசாக வாஸலின் தடவுவார்கள். தடவுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் கூடு உலர்ந்திருந்தால் கொண்டை கருகுவது இங்கே அபூர்வம்.

ஆப்பிள் பஜ்ஜிக்கும் ஜாமுக்கும் சீவிய தோலைக் கோழிக்குப் போடுகிறேன். அது சட்டப்படி குற்றம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நாங்கள் சுத்த சைவம், எங்களுக்கும் பொருந்துமா? (ஹாரோ வாசகி)

பொருந்தும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது சரிதான். பிரிட்டனில் வீட்டுச் சமையலறைக்குள் போய்வந்த எதையும் கோழிக்குக் கொடுக்கக் கூடாது. வளர்ப்புப் பிராணி போல இரண்டே கோழி வைத்திருந்தாலும் இதே விதிதான். இறைச்சி, பால், முட்டை புழங்கும் பலகையில் கிருமி ஒட்டிக்கொண்டு கால்நடைகளுக்குப் போய்விடும் என்பது காரணம். சைவ அடுக்களையிலும் பாலும் நெய்யும் உண்டு, ஆகையால் அதற்கும் விலக்கில்லை. விலங்குப் பொருள் எதுவுமே நுழையாத வீடுகளுக்கு மட்டும்தான் விலக்கு.

அதிகாரிகளின் வீண் கெடுபிடி என்று பலர் முணுமுணுக்கிறார்கள். 2001ஆம் ஆண்டின் கோமாரி நோயை நினைத்துப் பாருங்கள். சரியாகக் கொதிக்கவைக்காத எச்சில் உணவைப் பன்றிகளுக்குப் போட்ட ஒரு பண்ணையிலிருந்து பரவியதாகத்தான் விசாரணையில் தெரிந்தது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். அதன் பிறகு இந்த விஷயத்தில் யாரும் விளையாடுவதில்லை.

வழி சுலபமானது. மரத்தடியிலேயே பிரித்துவிடுங்கள். இரண்டு கூடைகளும் ஒரு பேனாக்கத்தியும் எடுத்துக்கொண்டு போங்கள். முழுசானவை ஒரு கூடைக்கு, அவை சமையலறைக்கு. அடிபட்டவற்றை அங்கேயே, கவிழ்த்த வாளியின் மேல் வைத்து வெட்டி, அழுகிய பகுதியை எறிந்துவிட்டு, மீதியைக் கோழிக்குப் போடுங்கள். கத்தி தோட்டத்துக்கென்றே இருக்கட்டும். வாசற்படி தாண்டிய ஆப்பிளின் தோல் உரக்குழிக்குத்தான். அந்த உரக்குழிக்கும் கோழி போகாதபடி வேலி வேண்டும்.

உதிர்ந்த ஆப்பிள் எவ்வளவு கொடுக்கலாம்? விதையில் விஷம் என்கிறார்களே? (மில்டன் கீன்ஸ் வாசகர்)

விதையில் சயனைடாக மாறக்கூடிய பொருள் சிறிதளவு இருப்பது உண்மை. ஒன்றிரண்டு விதை விழுங்கிய கோழிக்கு ஒன்றும் ஆகாது. கூடை கூடையாகக் கொடுத்தால்தான் கவலை, அப்போதும் எனக்கு விதையைவிடப் பெரிய கவலை வயிறு. ஆப்பிளால் வயிறு நிறைந்த கோழி தீவனத்தைத் தொடாது. இறகு போடும் நேரத்தில் அது நஷ்டம். மதியத்துக்கு மேல், நான்கு கோழிக்கு ஒரு பழம். பூசணம் பிடித்ததும், புளித்துச் சாராய வாடை அடிப்பதும் கூடவே கூடாது.

அறுவடை முடிந்ததும் கோழிகளை மரத்தடியில் கிளற விடுங்கள். பழத்தைத் துளைக்கும் அந்துப்பூச்சியின் புழுக்களில் சில தரைக் குப்பையிலும் அடிமரத்திலும் ஒளிந்து பனிக்காலத்தைக் கழிக்கும். கோழியின் கண்ணுக்கு அவை தப்புவது கஷ்டம்.

கட்டையின் முனையில் சாம்பல் தூவியது போல இருக்கிறது. (ரெடிங் வாசகி)

சிவப்புச் செள்ளு. பகலில் இடுக்கில் இருந்துகொண்டு இரவில் இரத்தம் குடிக்கும். இருட்டிய பிறகு வெள்ளைத் துணியால் கட்டையின் அடிப்பக்கத்தைத் துடையுங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் சந்தேகமே வேண்டாம். குளிரில் அடங்கிவிடும் என்று விட்டுவிடாதீர்கள், பல மாதம் பட்டினி கிடந்து பிழைத்திருக்கும். வெயிலடிக்கும் ஒரு நாளில் கூட்டைக் கழற்றி, இடுக்குகளைப் பீய்ச்சிக் கழுவி, நன்றாக உலரவிட்டுச் செள்ளுப்பொடி இடுங்கள். நவம்பர் வந்துவிட்டால் மரம் உலராது.

வேலை முடிந்து ஆறு மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வருகிறேன். (ஸ்லவ் வாசகர்)

அதற்குள் நரி வந்து போயிருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னே தள்ளியதும் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், டிசம்பரில் நான்குக்கே. வெளிச்சத்தைப் பார்த்துத் தானே மூடிக்கொள்ளும் கதவு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் டார்ச்சுடன் போய்த் தலைகளை எண்ணுங்கள்; வெளியே மாட்டிக்கொண்ட கோழியைக் கதவு அறியாது.

பறவைக் காய்ச்சல் வந்தால் அடைத்துவைக்கச் சொல்வார்களாமே. பதிவும் செய்ய வேண்டுமா? (கோவென்ட்ரி வாசகர்)

இரண்டும் உண்மை. 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசின் விலங்கு, தாவர நல முகமையில் பதிய வேண்டும். கட்டணம் இல்லை.

அடைப்பு உத்தரவு வந்தபின் வலை தேடி அலையாதீர்கள், கடையில் இருக்காது. 2022 நவம்பர் 7இல் இங்கிலாந்து முழுவதற்கும் வந்த உத்தரவு 2023 ஏப்ரல் 18 வரை நீடித்தது. அவ்வளவு நாள் கோழி அடைந்து கிடக்க இடம் வேண்டும் என்று கணக்கிட்டு இப்போதே கட்டுங்கள். மேலே காட்டுப் பறவையின் எச்சம் விழாதபடி தகரமோ பிளாஸ்டிக் தகடோ வேண்டும். பக்கங்களில் 25 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள வலை. உள்ளே ஒரு மூலையில் உலர்ந்த மணலும் விறகுச் சாம்பலும் கலந்த புழுதித் தொட்டி வையுங்கள். குளிக்கப் புழுதி இல்லாத கோழிகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும்.

ஆப்பிள் வினிகரைத் தண்ணீரில் கலக்கலாமா? (வாட்ஃபர்ட் வாசகி)

பிளாஸ்டிக் பாத்திரமாக இருந்தால் கலக்கலாம். துத்தநாகம் பூசிய தகரப் பாத்திரம் என்றால் கூடாது, அமிலம் பூச்சைக் கரைத்துவிடும். சர்வரோக நிவாரணி என்று மட்டும் நம்பாதீர்கள்.

எங்கள் மரத்து ஆப்பிளை வேகவைத்தால் துண்டாக நிற்காமல் கரைந்துவிடுகிறது. வாயில் வைக்க முடியாத புளிப்பு. மரத்தை வெட்டிவிடலாமா? (டெர்பி வாசகர்)

ஐயோ, வேண்டாம். பெரிதாக, பச்சையாக, ஒருபுறம் செம்மை பூத்து இருந்தால் அது பிராம்லியாகத்தான் இருக்கும். உங்களுக்குப் பக்கத்து மாவட்டமான நாட்டிங்ஹாம்ஷயரின் சவுத்வெல்லில், 1809இல் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபர்ட் என்ற சிறுமி ஊன்றிய விதையிலிருந்து வந்த இனம். பின்னர் அந்த வீட்டை வாங்கிய கசாப்புக்காரர் மேத்யூ பிராம்லியின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அமிலம் மிகுந்த பழம், ஆகவேதான் வெந்ததும் பஞ்சாய்க் கரைகிறது. அது குறையல்ல, அதற்காகத்தான் இங்கே அதைக் கொண்டாடுகிறார்கள்.

நம் சமையலில் இதற்கு மாங்காயின் இடத்தைக் கொடுங்கள். தொக்குச் செய்ய ஒரு கிலோவைத் தோலோடு துருவுங்கள். 150 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, துருவலை மஞ்சள், உப்புடன் போட்டு வதக்குங்கள். மாங்காயைவிட நிறையத் தண்ணீர் விடும்; பயப்படாமல் மிதமான தீயில் கிளறுங்கள். நீர் சுண்டியதும் மூன்று மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், ஒரு துண்டு வெல்லம். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்போது இறக்குங்கள். புளி தேவையில்லை. குளிர்பெட்டியில் வையுங்கள்; தயிர்சாதம் இருக்கும்வரை தொக்கு தங்காது.

மீதிப் பழத்தைச் சேமிக்க, அடிபடாததும் காம்பு போகாததுமாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, குளிர்ந்த ஷெட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். பிராம்லி பிப்ரவரி தாண்டியும் கிடக்கும். வாரம் ஒருமுறை முகர்ந்து பார்த்து, கெட்டதை எடுத்துவிடுங்கள்.

கோழி முட்டையிடவில்லை, விருந்தாளிகள் வருகிறார்கள். முட்டையில்லாமல் ஆப்பிளில் என்ன இனிப்புச் செய்யலாம்? (குரோய்டன் வாசகியே மறுபடியும்)

கிரம்பிள். 700 கிராம் பிராம்லியைத் தோல் சீவி நறுக்கி, 75 கிராம் சர்க்கரையும் இரண்டு கிராம்பும் சேர்த்துத் தட்டில் பரப்புங்கள். 175 கிராம் மைதாவில் 90 கிராம் குளிர்ந்த வெண்ணெயைப் புட்டு மாவு பிசறுவது போல விரல்நுனியால் உதிரியாகப் பிசறி, 75 கிராம் பழுப்புச் சர்க்கரை கலந்து மேலே தூவுங்கள். அழுத்த வேண்டாம். 180 டிகிரி ஓவனில் 40 நிமிடம். ஓரத்தில் சாறு கொப்பளித்து மேலே பொன்னிறமானால் ஆயிற்று. கூட ஊற்றிக்கொள்ளக் கஸ்டர்டு வேண்டுமென்றால் அதற்கும் முட்டை தேவையில்லை. பர்மிங்ஹாம் மருந்துக்கடைக்காரர் ஆல்ஃபிரெட் பேர்ட், முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காக 1837இல் சோளமாவில் கஸ்டர்டு பவுடர் செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார். பாலைக் காய்ச்சிக் கலக்கிக்கொள்ளுங்கள்.