வைஃபைல தெரியாத டிவைஸ் காட்டுதா? காசு குடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கோவைல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. வீட்ல நாலு பேரு, ரவுட்டர் ஆப்ல பாத்தா 13 டிவைஸ் காட்டுது, அதுல ஒண்ணு பேரு 'எஸ்பிரெசிஃப்', மூணு வெறும் 'அன்நோன்'. ஏரியா கம்ப்யூட்டர் சர்வீஸ் தம்பி ரவுட்டர் ஹேக் ஆயிருச்சு, க்ளீன் பண்ண 2,500 ரூபா ஆகும்னாராம், குடுக்கலாமான்னு கேக்குறாங்க.

குடுக்காதீங்கக்கா. அவர் க்ளீன் பண்றேன்னு பண்ணப்போறது ரவுட்டர் பின்னாடி இருக்கற சின்ன ஓட்டைல ஊசிய விட்டு ரீசெட் அடிக்கிறதுதான், அதுவும் ஃபைபர் லைன்ல கண்டபடி ரீசெட் அடிச்சா கம்பெனி போட்டு வெச்ச செட்டிங் போய் நெட்டே கட்டாகலாம், அப்புறம் அதைச் சரி பண்ண இன்னொரு பில்லு வரும்.

நாலு பேருக்கு 13ங்கிறது பெரிய கணக்கே இல்ல. போன் நாலு, லேப்டாப், டிவி, டிவில சொருகின ஸ்டிக், ஸ்மார்ட் பல்பு, கேமரா, போன வாரம் வந்துட்டுப் போன மச்சான் போன்னு எண்ணிப் பாருங்க. போனவங்க போனும் கொஞ்ச நேரத்துக்கு, சில ரவுட்டர்ல ஒரு நாள் வரைக்கும்கூட லிஸ்ட்ல நிக்கும். எஸ்பிரெசிஃப்ங்கிறது ஷாங்காய்ல இருக்கற சிப் கம்பெனி, ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக்குல அவங்க சிப்தான் நிறைய இருக்கும். பல்பு பெட்டி மேல எந்த பிராண்ட் பேரு போட்டிருந்தாலும், அந்த பல்புக்குள்ள இருக்கற சிப் கம்பெனி பேரைத்தான் ரவுட்டர் பெரும்பாலும் காட்டும், பயப்படாதீங்க.

இந்த 'அன்நோன்' மேட்டரைத்தான் கொஞ்சம் பொறுமையா சொல்லணும், பாதிப் பேர் பயப்படுறதே இதுலதான். ஒவ்வொரு டிவைஸுக்கும் மேக் அட்ரஸ்னு 12 எழுத்து நம்பர் ஒண்ணு உண்டு, முதல் ஆறு எழுத்தை வெச்சுத்தான் எந்தக் கம்பெனின்னு ரவுட்டர் கண்டுபிடிக்கும். ஆனா 2019ல வந்த ஆண்ட்ராய்டு 10ல இருந்தும், 2020ல வந்த ஐஓஎஸ் 14ல இருந்தும் போனுங்க தன்னோட நிஜ நம்பரைக் காட்டாம வைஃபைக்கு வைஃபை ஒரு பொய் நம்பரைக் குடுக்குது, நம்மள யாரும் ட்ராக் பண்ணக்கூடாதுன்னு. அதனால உங்க சொந்த போனே 'அன்நோன்'னு வரும். அந்த நம்பர்ல ரெண்டாவது எழுத்தைப் பாருங்க, அது 2, 6, ஏ, இ இதுல ஒண்ணா இருந்தா அனேகமா பொய் நம்பர்தான். 5ஏ-ன்னு ஆரம்பிச்சா ரெண்டாவது ஏ, அப்போ அது ஏதோ ஒரு புது போனா இருக்கத்தான் சான்ஸ் அதிகம். உங்க போன்ல வைஃபை பேரைத் தொட்டு உள்ள போனா அது குடுக்கற நம்பர் தெரியும், ரெண்டையும் ஒத்துப் பாத்துருங்க.

இதே காரணத்தாலதான் அந்த டிவைஸை மட்டும் பிளாக் பண்ணுங்கன்னு யாராவது சொன்னா கேக்காதீங்கன்னு சொல்றேன். சிகப்புச் சட்டைக்காரனை உள்ள விடாதேன்னு வாட்ச்மேன்கிட்ட சொன்னா அவன் சட்டைய மாத்திட்டு வருவான், அவ்வளவுதான். வைஃபை பேரை மறைச்சு வைக்கிறதும் வேஸ்ட்.

அப்போ என்ன பண்ணணும்? வைஃபை பாஸ்வேர்டை மாத்துங்க, அதோட கதை முடிஞ்சது. லைன் குடுக்க வர்றவங்க பாதிப் பேர் உங்க போன் நம்பரையே பாஸ்வேர்டா போட்டுட்டுப் போயிடுறாங்க, தெருவுக்கே தெரிஞ்ச நம்பர் அது! ரவுட்டர் உள்ள போற அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டா அதெல்லாம் தர முடியாதுன்னு கஸ்டமர் கேர்ல எழுதி வெச்சதைப் படிப்பாங்க, மாசாமாசம் பணம் கட்டுறது நாம, பூட்டுச் சாவி மட்டும் அவங்ககிட்டயாம். விடாம கம்ப்ளைன்ட் நம்பர் போட்டு வாங்குங்க. ரவுட்டர் அடியில ஸ்டிக்கர்லயும் பாருங்க, போன் பிரவுசர்ல 192.168.1.1 இல்லன்னா 192.168.0.1 அடிச்சா பெரும்பாலும் உள்ள போகலாம். வைஃபை பாஸ்வேர்டு, அட்மின் பாஸ்வேர்டு ரெண்டையும் மாத்திட்டு, டபிள்யூபிஎஸ்னு ஒண்ணு இருக்கும், பாஸ்வேர்டு அடிக்காமலே பட்டனோ பின் நம்பரோ வெச்சு கனெக்ட் பண்ற வசதி, அதையும் ஆஃப் பண்ணிருங்க. அப்புறம் வீட்டு டிவைஸை ஒவ்வொண்ணா கனெக்ட் பண்ணி லிஸ்ட்ல பேரு வெச்சுக்கிட்டே வாங்க. எதையும் கனெக்ட் பண்ணாம விட்டு எந்த பல்பு அழுவுதுன்னு பாத்தாலே அன்நோன் யாருன்னு தெரிஞ்சிரும். விருந்தாளிக்கு கெஸ்ட் வைஃபை குடுங்க.

போன்லயே பாத்துத் தர்றேன், ஸ்கிரீன் ஷேரிங் ஆப் போடுங்கன்னு எவன் சொன்னாலும் உடனே கட் பண்ணுங்க. ஓடிபி வந்தா அவனுக்கும் தெரியும், அவன் தேடுறது உங்க ரவுட்டரை இல்ல, பேங்க் அக்கவுண்ட்டை. ஏற்கனவே பணம் போயிருந்தா தாமதிக்காம சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க.

இன்னொண்ணு, உங்க வீட்ல கேமரா இருக்குன்னு எழுதியிருந்தீங்க. மாட்டினவர் அவர் போன்லயே ஆப் போட்டு, அவர் அக்கவுண்ட்லயே கேமராவைச் சேத்துட்டு உங்களுக்கு ஷேர் மட்டும் பண்ணியிருந்தா, அவர் எங்க இருந்து பாத்தாலும் இந்த வைஃபை லிஸ்ட்ல வரவே வராது, பாஸ்வேர்டு மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல. கேமரா ஆப்ல ஓனர்னு யார் பேரு இருக்குன்னு இன்னைக்கே பாருங்க. உங்க பேரு இல்லன்னா அவரையே கூப்பிட்டு அவர் அக்கவுண்ட்ல இருந்து எடுக்கச் சொல்லி, உங்க நம்பர்ல புதுசா சேருங்க.