பாசியும் காசும்

அன்புள்ள ஐயா,

உயிரித் தொழில்நுட்பத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அண்மையில் ஒரு கருத்தரங்கில் பேசியவர், இன்னும் பத்தாண்டில் பெட்ரோல், உணவு, கரியமில வாயு ஆகிய மூன்று சிக்கலுக்கும் பாசிதான் விடை என்றார். அவர் காட்டிய வரைபடத்தில், அதே அளவு நிலத்தில் சோயாவைவிடப் பாசி பல மடங்கு எண்ணெய் தந்தது. அரங்கமே கைதட்டியது. அறைக்குத் திரும்பி இணையத்தில் தேடினால் வேறு கதை. நிறுவனங்கள் மூடப்பட்ட செய்திகள், பெரிய எண்ணெய் நிறுவனம் ஒன்று கைகழுவிய செய்தி. ஆனால் ஸ்பைருலினா என்ற பாசி மாத்திரை மட்டும் விற்றுக்கொண்டேதான் இருக்கிறது.

ஆய்வுத் திட்டம் எடுக்க எனக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒரு பேராசிரியர் நுண்பாசியிலிருந்து பயோடீசல் எடுக்கும் ஆய்வில் சேரச் சொல்கிறார். இன்னொருவர் சயனோபாக்டீரியா என்ற நீலப்பச்சைப் பாசி உண்டாக்கும் வேதிப்பொருட்களை ஆராய்கிறார். அதனால் என்ன பயன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையிலேயே பாசியில் எதிர்காலம் இருக்கிறதா? இருக்கிறதென்றால் எங்கே?

சுரேந்தர்

அன்புள்ள சுரேந்தர்,

அந்த வரைபடம் எனக்கும் பழக்கமானதுதான். பல ஆண்டுகளாக அரங்கு மாறி அரங்கு வந்துகொண்டிருக்கிறது. அதில் பொய் ஒன்றுமில்லை. தண்ணீரை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டிருப்பார்கள்.

பாசி வளர்க்கும் திறந்த குளம் பெரும்பாலும் ஓட்டப்பந்தயத் தடம்போல் நீள்வட்டமாக இருக்கும். ஆழம் 20, 30 சென்டிமீட்டர்தான். ஒரு துடுப்புச் சக்கரம் நீரைச் சுற்றவிட்டுக்கொண்டே இருக்கும். கலிஃபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்ட் என்பவர் கழிவுநீரைச் சுத்திகரிப்பதற்காக 1950களில் வளர்த்தெடுத்த அமைப்பு இது. எட்ட நின்று பார்த்தால் கரும்பச்சையாக, கெட்டியாகத் தெரியும். ஆனால் நன்றாக வளர்ந்த குளத்திலும் ஒரு லிட்டரில் அரை கிராம் அளவுக்குத்தான் பாசி இருக்கும். ஒரு கிலோ உலர்ந்த பாசி வேண்டுமென்றால் 2000 லிட்டர் நீரை இறைத்தாக வேண்டும்.

அதிலிருந்து பாசியைப் பிரிப்பதும் லேசில்லை. குளோரெல்லா என்ற பச்சைப் பாசியின் செல் குறுக்களவு சில மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அடர்த்தியும் ஏறக்குறைய நீரின் அடர்த்தியே. சீக்கிரம் படியாது, வடிதுணியில் நிற்காது. மையவிலக்கு இயந்திரத்தில் போட்டுச் சுற்ற வேண்டும். சுற்றி எடுத்த விழுதிலும் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதைச் சூடேற்றி உலர்த்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ உலர் பாசிக்கு நான்கு கிலோ நீர் ஆவியாக வேண்டும். கிலோவுக்கு 2.26 மெகாஜூல் என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள், ஆகமொத்தம் 9 மெகாஜூல். அந்த ஒரு கிலோ பாசியை அப்படியே எரித்தால் கிடைப்பது சுமார் 20 மெகாஜூல். இன்னும் எண்ணெயைப் பிரிக்கவில்லை, டீசலாக மாற்றவில்லை, பம்பு ஓடிய மின்சாரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை, அதற்குள் பாதி போய்விட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஈர விழுதையே உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் வேகவைத்துக் கச்சா எண்ணெய்போல் ஆக்கும் முறையும் உண்டு. உலர்த்தும் செலவு அதில் மிச்சம். ஆனாலும் அந்த 2000 லிட்டரிலிருந்து விழுது வரைக்கும் வந்து சேர்வது நம் பாடுதான்.

அடுத்த முட்டுக்கட்டை பாசியின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. நைட்ரஜன் தட்டுப்பாடு வந்தால்தான் பல பாசிகள் எண்ணெயைச் சேர்த்து வைக்கும். நைட்ரஜன் இல்லையென்றால் புரதம் இல்லை, செல் பெருகாது. அதாவது எண்ணெய் கூடும்போது வளர்ச்சி நின்றுவிடும். அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை நடத்திய பாசித் திட்டத்தில் 3000க்கும் மேற்பட்ட வகைகளைச் சேகரித்துப் பார்த்தார்கள். கடைசியில் அவர்கள் மோதி நின்ற சுவர்களில் இதுவும் ஒன்று. அப்புறம் 2009இல் எக்ஸான்மொபில், மரபணு அறிஞர் கிரெய்க் வென்டரின் சிந்தெடிக் ஜீனோமிக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து இறங்கியது. 60 கோடி டாலர் வரை செலவிடுவோம் என்றார்கள். அது வெறும் விளம்பரம் என்று சொல்லிவிட முடியாது. 2017இல் நானோகுளோரோப்சிஸ் என்ற பாசியில் ஒரு கட்டுப்பாட்டு மரபணுவின் வேலையைக் குறைத்து, வளர்ச்சி அதிகம் குன்றாமல் எண்ணெயை இரட்டிப்பாக்கிக் காட்டினார்கள். அருமையான அறிவியல். ஆனாலும் 2023இல் எக்ஸான் விலகிக்கொண்டது. நீங்கள் படித்த செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

சயனோபாக்டீரியாவின் மரபணுவை மாற்றி நேரடியாக எரிபொருளைச் சுரக்க வைக்கிறோம் என்று புறப்பட்ட ஜூல் அன்லிமிடெட் 2017இல் மூடியது. பாசியே எண்ணெயை வெளியே விட்டுவிட்டால் அறுவடைச் செலவு இல்லையே என்பது அவர்கள் கணக்கு. கெட்டிக்காரத்தனமான கணக்குதான். இந்த வழியில் போகும் எல்லோருக்கும் ஒரு சங்கடம் உண்டு. நமக்காக எரிபொருள் செய்யும் செல், தன் கரிமத்தை நமக்குக் கொடுத்துவிட்டு மெதுவாக வளரும். தற்செயலான மரபுப் பிறழ்வால் அந்த வேலையைக் கைவிட்ட செல் வேகமாக வளரும். சில வாரங்களில் தொட்டி முழுக்க வேலை செய்யாத கூட்டம்தான் இருக்கும்.

கரியமில வாயு பற்றி அவர் சொன்னதையும் ஒரு கை பார்த்துவிடலாம். ஒரு கிலோ பாசி வளர சுமார் 1.8 கிலோ கரியமில வாயு பிடிக்கும். ஆண்டு முழுக்கச் சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 20 கிராம் விளைந்தால் அது நல்ல விளைச்சல். 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் டன் வாயுவை வெளிவிடும். வகுத்துப் பாருங்கள், 200 சதுர கிலோமீட்டருக்கு மேல் குளம் வெட்ட வேண்டும். இரவில் பாசி வாயுவை எடுக்காது. அறுத்த பாசியைத் தின்றாலோ எரித்தாலோ பிடித்த வாயு திரும்ப வெளியே வந்துவிடும்.

சரி, அப்படியானால் பாசியில் காசு பார்த்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள், சத்தமில்லாமல். ஸ்பைருலினாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது சயனோபாக்டீரியா, அறிவியல் பெயர் ஆர்த்ரோஸ்பைரா. அது ஏன் ஜெயித்தது என்றால் அதிலுள்ள புரதத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். உலர் எடையில் 60 சதவீதம் அளவுக்குப் புரதம் இருப்பது உண்மைதான். நான் வேறு இரண்டு காரணங்களைச் சொல்வேன். ஒன்று, அதன் உடல் சுருள் இழை. நீளம் நூறு மைக்ரானைச் சாதாரணமாகத் தாண்டும். அதனால் துணியிலேயே வடிகட்டிவிடலாம், மையவிலக்கு தேவையில்லை. ஆப்பிரிக்காவில் சாட் ஏரிப் பகுதிப் பெண்கள் காலங்காலமாக அதை வழித்தெடுத்து மணலில் காயவைத்து வருகிறார்கள். மெக்சிகோவில் அஸ்டெக்குகள் டெக்ஸ்கோகோ ஏரியில் வலையால் அள்ளினார்கள். குளோரெல்லாவை அப்படி அள்ள முடியாது. இரண்டு, அது காரத்தன்மை பிஹெச் 9, 10 இருக்கும் நீரில் செழிக்கும். அந்த நீரில் மற்ற உயிர்கள் எளிதில் தலைகாட்டா.

இந்த இரண்டாவது காரணம் முக்கியம். திறந்த குளத்துக்கு எதிரி ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர். பாசிதான் அதற்கு உணவு. உள்ளே வந்துவிட்டால் சில நாட்களில் பச்சைக் குளம் வெளுத்துப்போகும். திறந்த குளத்தில் வணிகமாக நிலைத்த டுனாலியெல்லாவும் பிறர் வாழ முடியாத இடத்தில்தான் வாழ்கிறது. கடலைவிடப் பல மடங்கு உப்பான நீரில் வளர்ந்து, வெயிலின் தாக்குதலிலிருந்து தப்பிக்க பீட்டா கரோட்டின் என்ற நிறமியைச் சேர்த்துச் சிவக்கும். சரியான நெருக்கடி கொடுத்தால் உலர் எடையில் பத்தில் ஒரு பங்கே கரோட்டின்தான். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் லகூன் உப்பு ஏரி இளஞ்சிவப்பாக இருப்பது இதனால். ஹெமடோகாக்கஸ் என்ற பாசி தரும் அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி கிலோ ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும் சரக்கு. டீசல் லிட்டருக்கு ஒன்றிரண்டு டாலர். தண்ணீரைப் பிரிக்கும் கூலி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

குழந்தைகளுக்கான பால்மாவில் சேர்க்கும் டிஹெச்ஏ கொழுப்பு இன்னும் வேடிக்கை. அதைத் தரும் கிரிப்தெகோடினியம் என்ற கடல் பாசியை வெயிலிலேயே வளர்ப்பதில்லை. மூடிய எஃகுத் தொட்டியில், இருட்டில், சர்க்கரை கொடுத்து வளர்க்கிறார்கள். குளத்தைவிடப் பல மடங்கு அடர்த்தி கிடைக்கிறது, ரோட்டிஃபர் தொல்லையும் இல்லை. இலவசச் சூரிய ஒளிதான் பாசியின் பெரிய கவர்ச்சி என்று கருத்தரங்கில் சொல்வார்கள். மீன் எண்ணெய்க்கு மாற்றாக நிலைத்த இந்தப் பாசி வணிகம் நடப்பது அந்த ஒளியை வேண்டாம் என்று ஒதுக்கி.

கடற்பாசியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒரு வரி மட்டும். உங்கள் ஆய்வகத்தில் பெட்ரி தட்டில் இருக்கும் அகார் சிவப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. 1880களின் தொடக்கத்தில் நுண்ணுயிரியல் முன்னோடி ராபர்ட் கோக்கின் ஆய்வகத்துக்கு அதைப் பரிந்துரைத்தவர் ஃபானி ஹெஸ்ஸே. அதற்கு முன் பயன்பட்ட ஜெலட்டின் 37 டிகிரியில் உருகிவிடும், சில பாக்டீரியாக்கள் அதைத் தின்றும்விடும். அகார் இரண்டுக்கும் அசையாது. உயிரித் தொழில்நுட்பம் முழுவதுமே பாசியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்று நான் சொன்னால் மிகையென்று சண்டைக்கு வராதீர்கள்.

இனி உங்கள் நண்பர்கள் கேட்ட கேள்வி. சயனோபாக்டீரியாவின் வேதிப்பொருளால் என்ன பயன்? டோலாஸ்டாட்டின் 10 என்ற பெயரைச் சொல்லுங்கள். கடல் முயல் என்ற, ஓடு வெளியே தெரியாத நத்தையிலிருந்து ஜார்ஜ் பெட்டிட் குழுவினர் அதைப் பிரித்து, 1987இல் கட்டமைப்பை வெளியிட்டார்கள். ஏராளமான கடல் முயல்களைப் பிடித்தும் மில்லிகிராம் கணக்கில்தான் கிடைத்தது. செல் பிரிவதற்குத் தேவையான நுண்குழல்களைக் கட்டவிடாமல் தடுக்கும் பயங்கர நஞ்சு. 2001இல், பலாவு தீவுப் பகுதியில் எடுத்த ஒரு சயனோபாக்டீரியாவில் அதே மூலக்கூறு கிடைத்தது. நத்தை அதை உற்பத்தி செய்யவில்லை, மேய்ந்த இடத்திலிருந்து உடம்பில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. புற்றுநோய்க்கு அதை நேரடியாகக் கொடுத்த சோதனைகள் கைகொடுக்கவில்லை. அப்புறம் அதன் செயற்கை உறவு மூலக்கூறு ஒன்றை, புற்றுநோய்ச் செல்லைத் தேடிப் போய் ஒட்டும் ஆன்டிபாடியுடன் இணைத்தார்கள். அதுதான் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு 2011இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பிரென்டுக்சிமாப் வெடோட்டின். அந்த மருந்துக்காக ஒரு குளம்கூட வெட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். மூலக்கூறின் வடிவம் பாசியிடமிருந்து வந்தது, உற்பத்தி வேதியியல் கூடத்தில் நடக்கிறது.

நான் எதிர்காலத்தைப் பார்ப்பது இந்தத் திசையில்தான். பாசியை டன் கணக்கில் அள்ளுவதைவிட, அது கண்டுபிடித்து வைத்திருப்பதை எடுத்துக்கொள்வது. கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப் பாசி ஒளியைத் தேடி நீந்தும். அதன் கண்புள்ளியில் ஒளி பட்டதும் அயனிகளுக்கு வழிவிடும் புரதத்தை 2002, 2003இல் ஜெர்மனியில் நாகெல், ஹேகெமான் குழுவினர் விளக்கினார்கள். 2005இல் அதை நரம்புச் செல்லில் வைத்து, ஒளியால் நரம்பை முடுக்கினார்கள். 2021இல், விழித்திரை நோயால் பல ஆண்டுகள் பார்வையிழந்திருந்த ஒருவருக்கு, இதே பாசிக் குடும்பத்துப் புரதத்தின் மரபணுவைக் கண்ணில் செலுத்தினார்கள். தனிக் கண்ணாடி ஒன்றை அணிந்துகொண்டு, மேசைமேல் இருந்த பொருள் எங்கே இருக்கிறது என்று அவரால் தொட்டுக் காட்ட முடிந்தது. பாசி எப்படி நீந்துகிறது என்று ஆராய்ந்த காலத்தில் இவர்களிடமும் யாராவது என்ன பயன் என்று கேட்டிருப்பார்கள்.

அறிவியல் பக்கம் இன்னும் நிறைய இருக்கிறது. சயனோபாக்டீரியாவின் மூன்று புரதங்களை எடுத்து, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி சேர்த்துச் சோதனைக் குழாயில் விட்டால், உயிரே இல்லாமல் 24 மணி நேரக் கடிகாரம் ஓடும். ஜப்பானில் கோண்டோ குழு 2005இல் செய்து காட்டியது. கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதி ருபிஸ்கோ. பயிர்களுடையதைவிட வேகமாக வேலை செய்யும் சயனோபாக்டீரியாவின் ருபிஸ்கோவை 2014இல் புகையிலைச் செடிக்குள் வைத்துவிட்டார்கள். செடி வளர்ந்தது, ஆனால் கரியமில வாயு அதிகமாக உள்ள காற்றில்தான். நொதியைச் சுற்றி வாயுவைக் குவித்துத் தரும் கார்பாக்சிசோம் என்ற புரதப் பெட்டியையும், வாயுவை உள்ளே இழுக்கும் அமைப்பையும் சேர்த்துக் கொண்டுவந்தால்தான் முழுப் பலன். அது வேலை செய்துவிட்டால் வயலுக்குள் நுழைந்துவிடும். அந்த ஆதாயத்தின் முன்னால் பயோடீசல் எம்மாத்திரம்.

மாத்திரை பற்றி: ஸ்பைருலினாவில் பி12 இருக்கிறது என்று நம்பி சைவர்கள் வாங்க வேண்டாம். அதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி பி12. ஏரியில் இயற்கையாக வளர்ந்ததை அள்ளி விற்கும் நீலப்பச்சைப் பாசி என்றால் இன்னும் கவனம் தேவை, மைக்ரோசிஸ்டின் நஞ்சு கலந்திருக்கலாம். கல்லீரலைத் தாக்கும் நஞ்சு அது. 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்த நீரில் அது கலந்து சிறுநீரக நோயாளிகள் பலர் இறந்தார்கள். நீங்கள் சயனோபாக்டீரியா ஆய்வகத்தில் சேர்ந்தால் இந்த நஞ்சும் உங்கள் பாடத்தில் வரும். குடிநீர் நிலையங்களுக்கு இதைச் சோதிக்கத் தெரிந்த ஆட்கள் எப்போதும் தேவை.

ஆக, நான் என்றால் இரண்டாவது பேராசிரியரிடம் போவேன். அங்கே மூலக்கூறுகளை எடையால் அடையாளம் காணும் நிறைநிறமாலை, மரபணுத் தொடர் ஆய்வு எல்லாம் கைவரும், வேறு எந்தத் துறைக்குப் போனாலும் அவை உதவும். மனம் பயோடீசலிலேயே நிற்கிறதென்றால், போய் முதல் பேராசிரியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஒரு கிலோவை அறுவடை செய்து உலர்த்த எவ்வளவு மின்சாரம் ஆகிறது? அவர் உடனே ஒரு எண்ணைச் சொல்லி, அதைக் குறைக்கத்தான் இந்தத் திட்டம் என்றால் தயங்காமல் சேருங்கள். அது செய்ய வேண்டிய வேலைதான். எண்ணெய் சதவீதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.