பாட்டு அப்புறம், முதலில் செய்தி போடுங்கள்

சொந்தமாக ஸ்பீக்கர் பெட்டி செய்தவர்கள் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எந்தக் கண்டென்சர் போட்டால் சவுண்ட் நன்றாக இருக்கும்? கண்டென்சருக்கு வரலாம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

18 எம்.எம். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போட்டு 12 லிட்டர் பெட்டி. கீழ் ஒலிகளுக்கு ஆறரை இன்ச் ஊஃபர், உச்ச ஒலிகளுக்கு ஒரு இன்ச் சில்க் டோம் ட்வீட்டர். ட்வீட்டருக்கு 2.2 மைக்ரோஃபாரட் கண்டென்சர், ஊஃபரை நேராக ஆம்பில் கொடுத்துவிட்டேன். நண்பர்கள் எல்லோரும் சூப்பர் என்கிறார்கள். ஆனால் அரை மணி நேரம் கேட்டால் எனக்குத் தலை வலிக்கிறது. விலை கூடிய ஃபிலிம் கண்டென்சர் மாற்றட்டுமா? – வாசகர், திண்டுக்கல்

வேண்டாம், பணத்தைப் பையிலேயே வையுங்கள். சாதா 2.2-ஐக் கழற்றிவிட்டு உசத்தியான 2.2-ஐ மாட்டினால் தவறு அப்படியேதான் இருக்கும், விலை மட்டும் ஏறும்.

கண்டென்சர் கீழ் ஒலியைத் தடுத்து மேல் ஒலியை மட்டும் ட்வீட்டருக்கு விடும், 8 ஓம் ட்வீட்டருக்கு 2.2 போட்டால் அது 9,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் முழுசாக வேலைக்கு வரும். அதுவரை பாரம் மொத்தமும் ஊஃபர் தலையில், அதுவும் மேல் ஒலியைத் தடுக்க நடுவில் ஒரு காயில்கூட இல்லாமல். ஆறரை இன்ச் ஊஃபரில் உண்மையில் அசைகிற கோன் 13 செ.மீ. அகலம்தான் இருக்கும். ஒலியின் அலைநீளம் அந்த 13 செ.மீ.க்கு வருவது சுமார் 2,600 ஹெர்ட்ஸில். அதற்கு மேல் போகப் போக ஊஃபர் டார்ச் லைட் மாதிரி நேர் எதிரே மட்டும் அடிக்கும். போதாததற்குக் கோன் ஒரே துண்டாக அசைவதை விட்டுவிட்டு அங்கங்கே நெளிய ஆரம்பிக்கும், நிறைய ஊஃபர்களில் 3,000, 5,000 ஹெர்ட்ஸுக்கு நடுவில் இதனால் சத்தம் ஒரு மேடாக எழும்பி நிற்கும். நம் காது ரொம்பக் கூர்மையாக இருப்பதும் அதே இடத்தில்தான். நண்பர்கள் பத்து நிமிஷம் கேட்டு 'என்ன கிளியரா இருக்கு' என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போய்விடுவார்கள், அரை மணி நேரம் உட்காருவது நீங்கள்தானே.

ஊஃபரை 2,000–2,500 ஹெர்ட்ஸில் நிறுத்த வேண்டும்: தொடரில் ஒரு காயில், குறுக்கே ஒரு கண்டென்சர். ட்வீட்டர் அவ்வளவு கீழே இறங்குமா என்று அதன் விவரத் தாளில் பாருங்கள், நிறுத்தும் இடம் அதன் சொந்த அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். பெட்டியின் முகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 115-ஐ முகத்தின் அகலத்தால், மீட்டர் கணக்கில், வகுத்துப் பாருங்கள், 20 செ.மீ. அகலம் என்றால் 575 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ள ஒலி முன்னால் மட்டும் நிற்காது, பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போய்விடும், திறந்த வெளியில் 6 டெசிபல் வரை இழப்பு. குரலில் சதை இல்லாமல் எலும்பு மட்டும் கேட்கிறதே, அதற்கு இதுதான் காரணம். ஊஃபர் காயிலைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு மேலே உள்ளதை அடக்கினால் சரியாகும். வீட்டுக்குள் பின்சுவர் கொஞ்சம் உதவுவதால் 3, 4 டெசிபல் அடக்கினால் போதும். ஸ்பீக்கரின் மொத்தச் சத்தம் குறையும், வேறு வழியில்லை. ட்வீட்டருக்கும் ஒரு ரெசிஸ்டர் வைத்து அதே அளவுக்குக் கீழே இறக்க வேண்டியிருக்கும்.

கடையில் விற்கும் ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்டு (ஒலியை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுப்பது) இதைச் செய்யாது. அது உங்கள் ஊஃபரை எப்போதும் 8 ஓம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. மல்ட்டிமீட்டரில் வைத்தால் 6 ஓம் காட்டுகிற ஊஃபர், பேஸில் ஓரிடத்தில் 30, 40 ஓம் வரை ஏறி, இறங்கி, மேலே போகப் போகத் திரும்பவும் ஏறும். அதனால் அளந்துதான் ஆக வேண்டும். ஒலியை அளக்கிற யு.எஸ்.பி. மைக் ஒன்று வாங்குங்கள், செலவு என்றால் இதுதான் செலவு. அளக்க ரூம் ஈக்யூ விசார்ட், கிராஸ்ஓவர் போட்டுப் பார்க்க விட்டூயிக்ஸ்கேட், இரண்டும் இலவச மென்பொருள்கள். பெட்டியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு இரண்டு மீட்டர் உயரத்தில் வைத்து, ஒரு மீட்டர் தள்ளி அதே உயரத்தில் மைக்கைக் கட்டுங்கள். தரையில் பட்டு வரும் ஒலி 3 மீட்டருக்கு மேல் கூடுதலாக நடந்து 9 மில்லிசெகண்ட் தாமதமாகத்தான் வரும். மென்பொருளில் அதை வெட்டிவிட்டால் சுமார் 110 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள அளவை நம்பலாம். விடிகாலையில் செய்யுங்கள், காற்றும் இருக்காது, கோயில் ஒலிபெருக்கியும் ஆரம்பித்திருக்காது.

என் முதல் ஜோடியில் ஒரு பெட்டியின் ட்வீட்டர் வயரைத் தலைகீழாகச் சாலிடர் செய்து வைத்துக்கொண்டு, இரண்டு வருஷம் வயரையும் ஆம்பையும் மாற்றிக்கொண்டிருந்தேன். மைக் வைத்த அன்று கிராஸ்ஓவர் இடத்தில் கிணறு மாதிரி ஒரு பள்ளம் தெரிந்தது. அந்தப் பள்ளமே நல்ல சோதனையும்கூட: கிராஸ்ஓவர் லிங்க்விட்ஸ்–ரைலி நான்காம் வரிசையாக (ஊஃபரையும் ட்வீட்டரையும் செங்குத்தாக வெட்டுகிற ஒரு வகை) இருந்தால், வேண்டுமென்றே ட்வீட்டரைத் திருப்பிப் போட்டு அளந்து பாருங்கள், ஆழமாகப் பள்ளம் விழுந்தால் இரண்டும் சேர்ந்து நடக்கின்றன. விழாவிட்டால் எங்கோ கால் இடறுகிறது.

மிருதங்கம் கேட்டால் எல்லா அடியும் ஒரே 'தும்' ஆக வருகிறது. 12 லிட்டர் பெட்டி, இரண்டு இன்ச் பி.வி.சி. பைப்பில் 8 செ.மீ. நீளத்துக்குப் போர்ட் (காற்று போய்வரும் குழாய்). சுவர் அலமாரிக்குள் வைத்திருக்கிறேன். – வாசகர், நாகர்கோவில்

பைப்பின் நீளம் போதாது. உள் விட்டம் 5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் அந்தப் போர்ட் 65 ஹெர்ட்ஸில் ஊதுகிறது. 50-க்கு இறக்க 16 செ.மீ. வேண்டும், உள்ளே இடம் இல்லையென்றால் எல்போ போட்டு வளைக்கலாம். ஆனால் 50தான் சரி என்று நான் இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது, ஊஃபர் பெட்டிக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்கிற தீல்–ஸ்மால் எண்கள் வேண்டும். நெவில் தீல் 1961-இல் ஆஸ்திரேலியாவில் எழுதியதையும் ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளில் விரித்ததையும் வைத்துத்தான் இன்றுவரை பெட்டிக் கணக்குப் போடுகிறோம். அந்த எண்களில் கியூடிஎஸ் (ஊஃபரின் ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்று காட்டுவது) 0.5-க்கு மேலே இருந்தால் போர்ட்டையே மறந்துவிடுங்கள்.

பெட்டியைப் பிரிக்கும் முன் ஒரு காசில்லாத சோதனை: பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து ஸ்டாண்டில் வையுங்கள். மூன்று பக்கமும் சுவர் அணைத்தால் எந்த ஸ்பீக்கரும் தும்தான். அப்புறம் அதே மிருதங்கத்தைப் போட்டு, தொப்பியில் (இடது பக்கத்தில்) உள்ளங்கையை அழுத்தித் தேய்க்கும்போது எழும் கும்கியைக் கவனியுங்கள். ஸ்வரம் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரே இடத்தில் நின்று குமுறினால், பழைய சாக்ஸைச் சுருட்டிப் போர்ட்டில் அடைத்துத் திரும்பக் கேளுங்கள்; குமுறல் அடங்கினால், இதுவரை கேட்டது மிருதங்கம் இல்லை, உங்கள் பைப்.

மழைக்காலத்தில் எம்.டி.எஃப். ஊறுகிறது. உள்ளே இலவம் பஞ்சு அடைக்கலாமா? – வாசகர், சென்னை

ஊறுவது வெட்டிய ஓரங்களில்தான். தண்ணீர் கலந்த ஃபெவிகாலை இரண்டு தடவை பூசித் தேய்த்துவிட்டு, அப்புறம் பிரைமர் அடியுங்கள். ஊஃபர் துளையின் ஓரத்தை மறக்காதீர்கள், நிறையப் பேர் விடுவது அங்கேதான். இலவம் பஞ்சு நன்றாகவே வேலை செய்யும், ஆனால் நாளடைவில் கீழே உட்கார்ந்துவிடும். தலையணைக்குப் போடுகிற பாலியெஸ்டர் பஞ்சு உட்காராது. பெட்டியின் உள் உயரம் 34 செ.மீ. என்றால் 500 ஹெர்ட்ஸில் உள்ளேயே ஒரு அலை நின்று ஆடும், அதை அடக்கப் பஞ்சு வேண்டும். போர்ட்டின் வாயை அடைத்துவிடாதீர்கள்.

ஸ்பீக்கர் வயருக்கு 6,000 ரூபாய் கேட்கிறார்கள். – வாசகர், கோயம்புத்தூர்

மூன்று மீட்டருக்கு 1.5 சதுர மி.மீ. சாதா செம்பு வயர் போட்டால், போக வர மொத்தத் தடை 0.07 ஓம். வீட்டு வயரிங்கில் மிச்சமானதே போதும்.

கிராஸ்ஓவரை மாற்றிய பிறகு உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா, மனப்பிராந்தியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகர், தஞ்சாவூர்

நல்ல கேள்வி. எனக்கும் ஏமாந்த அனுபவம் உண்டு. இரண்டு பெட்டியையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்று பழையபடியே இருக்கட்டும். மோனோவில் போட்டு, இரண்டையும் ஒரே சத்தத்துக்குச் சமப்படுத்துங்கள், காதால் இல்லை, மைக் வைத்து. ஒரு டெசிபல் கூடுதலாக இருப்பதைக் காது 'தெளிவு' என்று சொல்லிவிடும். அப்புறம் வீட்டில் யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, எது எது என்று தெரியாமல் கேட்டு எழுதி வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். காயிலையும் பஞ்சையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றிவிட்டு, எதனால் சரியானது என்று எனக்கு எழுதினால் நான் என்ன சொல்வது?

இவ்வளவு செலவு செய்தும், பழைய டிரான்சிஸ்டரில் கேட்பதுதான் நன்றாக இருக்கிறது என்று அம்மா சொல்கிறார். – வாசகர், தூத்துக்குடி

அம்மா சொல்வதைத் தட்டாதீர்கள். அவர் கேட்பது செய்தியும் பேச்சும், டிரான்சிஸ்டரில் பேஸும் இல்லை, உச்சமும் இல்லை, நடுவில் குரல் மட்டும் ஒழுங்காக வருகிறது. உங்கள் பெட்டியில் குரல் குடத்துக்குள்ளிருந்து வருகிறதோ என்னவோ. எழுபதுகளில் பி.பி.சி. தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக எல்.எஸ். 3/5ஏ என்று 5 லிட்டர் அளவில் ஒரு குட்டி மூடிய பெட்டி செய்தது. அதில் பெரிய பேஸ் கிடையாது, ஆனாலும் இன்றுவரை தேடி வாங்குகிறார்கள், குரலுக்காகத்தான். அந்தப் பொறியாளர்கள் ஸ்டுடியோவில் ஒருவரைப் பேச வைத்து, அந்த ஆளின் நேர்க்குரலையும் ஸ்பீக்கரில் வரும் குரலையும் மாற்றி மாற்றிக் கேட்டுத்தான் பெட்டிகளைத் திருத்தினார்கள்.

நீங்களும் செய்யலாம். உங்கள் குரலையே மொட்டை மாடியில், எதிரொலி இல்லாத இடத்தில், அந்த அளக்கிற மைக்கில் ஐந்து நிமிஷம் பதிவு செய்யுங்கள். அம்மாவை அடுத்த அறையில் உட்கார வைத்து, கதவைத் திறந்து வைத்து, ஒரு தடவை நீங்களே பேசுங்கள், ஒரு தடவை ஸ்பீக்கரைப் பேச விடுங்கள். சத்தம் சமமாக இருக்கட்டும். எது நீங்கள் என்று அவர் தடுமாற ஆரம்பித்தால் பெட்டி தேறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொல்லிவிட்டால், எதை வைத்துக் கண்டுபிடித்தார் என்று கேட்டு எழுதுங்கள், மூக்கால் பேசுகிற மாதிரியா, வாயில் துணி வைத்த மாதிரியா, 'ச'வெல்லாம் சீறுகிறதா என்று. அதை வைத்து எந்தக் காயிலில் கை வைப்பது என்று பார்ப்போம்.