பிரமதண்டும் கசகசாவும்

கேள்வி: தரிசு நிலத்தில் மஞ்சள் பூவும் முள்ளுமாக வளரும் பிரமதண்டும், குருமாவில் அரைத்துச் சேர்க்கும் கசகசாவும் ஒரே குடும்பம் என்கிறார்களே, உண்மையா? பிரமதண்டு விதையையும் உண்ணலாமா?

பதில்: இரண்டும் பப்பாவரேசியே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். மலரும்போதே உதிர்ந்துவிடும் புல்லி இதழ்கள், கசங்கிய பட்டுப் போன்ற அல்லி இதழ்கள், எண்ணற்ற மகரந்தத் தாள்கள், கிள்ளினால் வடியும் பால் ஆகியவை அந்த உறவைக் காட்டும். கசகசாச் செடியின் முற்றாத காயைக் கீறி எடுக்கும் பாலே உலர்ந்து அபினாகிறது; வலி போக்கும் மார்ஃபின் அதிலிருந்து கிடைப்பதால், நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளில், அரசு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே அதைப் பயிரிடலாம். முற்றிய விதையில் அந்தப் போதைப்பொருள் மிகமிகக் குறைவு. ஆகவே குருமாவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

பிரமதண்டின் செய்தி வேறு. மெக்சிகோவிலிருந்து வந்து நம் சாலையோரங்களைப் பிடித்துக்கொண்ட இச்செடியின் பால் மஞ்சள் நிறம்; விதையோ பார்வைக்குக் கடுகேதான். அவ்விதை எண்ணெயிலுள்ள சாங்குவினரின் என்ற நச்சு இரத்த நுண்குழாய்களைக் கசியச் செய்து, கால்களை வீங்கவைத்து, இதயத்தையும் தளர்த்துகிறது. 1998-இல் தில்லியில், இந்த எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சித்த மருத்துவத்தில் இச்செடிக்கு இடமுண்டு என்றாலும், அதன் விதையை எவ்வகையிலும் உணவில் சேர்க்கக் கூடாது.