சின்ன ரெயின்போ மீன்கள்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: அண்ணா, இரண்டடி தொட்டியில் நியான் ரெயின்போ எத்தனை விடலாம்?

ஆறு. இரண்டு ஆண், நான்கு பெண். கடையில் ஒன்றரை அங்குலத்தில் வெளிறித் தெரிவது, வளர்ந்ததும் இரண்டரை அங்குலத்தைத் தாண்டி, உயரம் கூடி, நீலம் ஏறி நிற்கும். ஓயாமல் நீந்துகிற மீன். மூன்றடி தொட்டிக்கு வசதி இருந்தால் அதையே வாங்குங்கள். மூடி கட்டாயம், துள்ளி விழும்.

கேள்வி: ஃபோர்க்டெயில் ரெயின்போ ஆண்கள் காலையில் சண்டை போடுகின்றன. பிரிக்கணுமா சார்?

வேண்டாம். விளக்கு போட்டதும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். செவுளுக்குப் பின்னால் உள்ள இரண்டு துடுப்புகளையும் மேலே தூக்கி, மஞ்சள் விளிம்பு தெரிய, ஒன்றையொன்று சுற்றி வரும். கடிக்காது. பெண்களுக்குக் காட்டும் பகட்டுதான் அது.

கேள்வி: பவுலில் வளர்க்கலாமா?

கூடாது.

கேள்வி: முட்டை பொரிகிறது, குஞ்சு நான்கே நாளில் செத்துவிடுகிறது.

பசியில் சாகிறது. ஃபோர்க்டெயில் முட்டை ஒட்டும் நூலோடு ஜாவா மாஸ் என்ற தொட்டிப் பாசியில் மாட்டிக்கொள்ளும். ஓடு கெட்டி, விரலால் எடுத்து தனி டப்பாவில் போடலாம். பொரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். பொரிந்த குஞ்சு நீர்ப்பரப்பை ஒட்டியே திரியும், அடியில் விழுந்த தீனியைத் தேடி இறங்காது. முதலில் இன்ஃப்யூசோரியா என்ற நீர் நுண்ணுயிர்கள், மிதக்கும் பொடித்தீனி. கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு நான்கைந்து முறை. சில நாளில் ஆர்ட்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறாலின் குஞ்சுகளைத் தின்னத் தொடங்கும். த்ரெட்ஃபின் ரெயின்போ குஞ்சின் வாய் இன்னும் சின்னது, அதற்கு பொறுமை கூடுதலாக வேண்டும். ஸ்பான்ஜ் ஃபில்டர் மட்டும் போடுங்கள். வேறு ஃபில்டர் குஞ்சை இழுத்துவிடும்.

கேள்வி: மே மாதம் தண்ணீர் 32 டிகிரி போகிறது.

மேஜை விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீச விடுங்கள், ஆவியாகும்போது இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அதற்காக மூடியை எடுத்துவிடாதீர்கள், வலை மூடி போடுங்கள். குறைந்த தண்ணீரை அன்றன்றைக்கு நிரப்புங்கள்.

கேள்வி: நியானோடு போஸ்மானி ரெயின்போ சேர்க்கலாமா?

பார்க்க மட்டும் என்றால், பெரிய தொட்டியில் சரி. அந்தத் தொட்டி முட்டையை மட்டும் பொரிக்க வைக்காதீர்கள். இரண்டும் மெலனோடேனியா என்ற ஒரே பேரினம், கலந்துவிடும்.

கேள்வி: கலந்தால் என்ன? குஞ்சு அழகாகத்தானே இருக்கும்? வீட்டுத் தொட்டிதானே?

வீட்டோடு நிற்காது. குஞ்சு அதிகமானதும் கடைக்குக் கொடுப்பீர்கள், நியான் என்று இன்னொருவர் வாங்கிப் பெருக்குவார். நியானின் சொந்த ஊர் இந்தோனேசியாவில் பாப்புவாவின் மம்பெராமோ ஆற்றுப் பகுதி, போஸ்மானிக்கு அயமாரு ஏரிகள். அங்கே தனித்தனியாக வாழ்ந்தவை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ரன்னிங் ரிவர் என்ற ஓடையில் நடந்ததைப் பாருங்கள். வெளியிலிருந்து வந்து சேர்ந்த வேறொரு ரெயின்போ, அங்கிருந்த தனி வகையோடு கலந்தது. கன்பெரா பல்கலைக்கழகத்தார் மரபணு சோதித்து, கலப்பில்லாத மீன்களைப் பிரித்துப் பெருக்கி, பக்கத்து ஓடைகளில் விட வேண்டியதாயிற்று.

கேள்வி: அது ஆறு. தொட்டிக்கு எப்படிப் பொருந்தும்?

தொட்டியிலும் அதே கதைதான். நம் கையில் இருப்பவை பண்ணையில் பெருகியவை. கலந்தபின் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. மரபணு சோதனைக்கு நாம் எங்கே போவது? எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை.

கேள்வி: பவுலில் ஒன்றே ஒன்று மட்டும்?

மேலே சொல்லிவிட்டேன். இது கூட்டமாக வாழும் மீன்.

கேள்வி: த்ரெட்ஃபினோடு ஃபைட்டர் மீன் விடலாமா?

நீண்ட துடுப்பைக் கடித்துவிடும். ஃபைட்டர் வளர்க்கிறவர்களிடம் கேளுங்கள், நான் வளர்த்ததில்லை.

கேள்வி: ஒரு மீனைக் காணவில்லை அண்ணா, தொட்டி திறந்துதான் இருந்தது.

தொட்டிக்குப் பின்னால், தரையில் பாருங்கள். இன்றைக்கே மூடி வாங்குங்கள்.