சளியில் கிருமி வளர்ந்தாலே நிமோனியாவா?

கேள்வி: பக்கவாதத்தால் அப்பா ஆறு நாட்களாக வென்டிலேட்டரில் இருக்கிறார். சளி மஞ்சளாக வருகிறது. பரிசோதனையில் 'அசினெட்டோபாக்டர்' கிருமி வளர்ந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் அடியில் வெண்மை தெரிகிறதாம். ஆனாலும் மருத்துவர்கள் ஆன்டிபயாடிக் தொடங்கவில்லை. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கச் சொல்கிறார் உறவினர் ஒருவர். பயத்தில் வீட்டில் எல்லோரும் அஸித்ரோமைசின் சாப்பிடுகிறோம். அப்பாவைக் கைவிட்டுவிட்டார்களா?

பதில்: கைவிட்டவர்கள் சளியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பமாட்டார்கள்.

தொண்டைவழியாகச் செருகிய குழாயில் சில நாட்களிலேயே கிருமிகள் குடியேறிவிடும். அவை அங்கே வெறுமனே தங்கியிருக்கின்றனவா, நுரையீரலைத் தாக்குகின்றனவா என்பதைக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) அறிக்கை மட்டும் சொல்லிவிடாது. எக்ஸ்ரே வெண்மையும் அப்படித்தான். படுத்தே இருப்பவருக்கு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கினாலும், நீர் கோத்தாலும் அதேபோலத் தெரியும். வெண்மை புதிதாகத் தோன்றியிருக்க வேண்டும், அல்லது பரவிக்கொண்டே போக வேண்டும். அதோடு காய்ச்சல், ரத்த வெள்ளணுக்களில் மாற்றம், சீழ் போன்ற சளி ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு சேர்ந்தால்தான் நிமோனியா என்று வலுவாகச் சந்தேகிப்போம். அப்போதும் தவறு நேர்வதுண்டு. ஐயமின்றிச் சொல்லும் ஒற்றைப் பரிசோதனை இல்லை. சளியின் மஞ்சள் நிறத்தை மட்டும் பார்த்துக் கலங்காதீர்கள்.

நீங்கள் விசாரிக்க வேண்டியது அப்பாவின் ஆக்சிஜன் தேவையை. வென்டிலேட்டர் தரும் காற்றில் 40 சதவீத ஆக்சிஜனோடு இரண்டு நாட்களாக நிலையாக இருந்தவருக்கு இன்று 60 தேவைப்படுகிறது என்றால், அது உடனே காரணம் தேட வேண்டிய மாற்றம். கூடவே ரத்த அழுத்தமும் இறங்கி, நிமோனியா என்ற சந்தேகமும் இருந்தால் காத்திருக்கக் கூடாது. சளியையும் ரத்தத்தையும் கல்ச்சருக்கு எடுத்த கையோடு மருந்து தொடங்க வேண்டும். எனவே பார்வையாளர் நேரத்தில், "நேற்றைவிட ஆக்சிஜனைக் கூட்டியிருக்கிறீர்களா, குறைத்திருக்கிறீர்களா?" என்று தினமும் கேளுங்கள். கூட்டியிருந்தால், ஏன் என்றும் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

நோயாளியைப் பார்க்காமல், அறிக்கையை மட்டும் படித்துவிட்டு மருந்து சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். கோலிஸ்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. அதற்கும் அடங்காத கிருமி உருவானால், பிறகு கொடுக்க மிகச் சில மருந்துகளே மிஞ்சும். நிமோனியா என்று முடிவானால் எந்த மருந்து என்பதைத் தேர்ந்தெடுக்க இந்த அறிக்கை உதவும். பெரும்பாலானோருக்கு ஏழு நாள் சிகிச்சை போதும்.

நீங்கள் விழுங்கும் அஸித்ரோமைசினை இன்றே நிறுத்துங்கள். நோயில்லாத உடம்புக்கு அது எதற்கு? அப்பாவைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கைகளைச் சுத்தம் செய்யுங்கள். தலைமாட்டை 30 டிகிரியாவது உயர்த்தி வைத்திருக்கிறார்களா என்று செவிலியரிடம் கேளுங்கள்.